மதுரைச் சீமையும் பாய்மரப் பந்தயமும்

மதுரைக்கும் பாய்மரப் படகுக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் நகைக்கக்கூடும். கடல் இந்நகரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வையையோ ஆண்டின் பெரும்பகுதியில் மணலாறு. வண்டியூர்த் தெப்பக்குளத்தில் ஆண்டுக்கொரு முறை தைப்பூச நாளில் மிதக்கும் தெப்பத்துக்கும் பாய் இல்லை. கரையில் நிற்கும் மக்கள் வடம் பிடித்து இழுக்க அது மைய மண்டபத்தைச் சுற்றி வரும். தேரோட்டத்தையே நீரில் நிகழ்த்திப் பார்த்த நகரம் இது. காற்றை நம்பிக் கலம் செலுத்தும் வித்தையை இந்நகரத்தார் நேரில் கண்டது அரிது.

எனினும் வரலாற்றில் மதுரை என்னும் பெயர் நகரத்தை மட்டும் குறித்ததன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் மதுரை மாவட்டம் என்றால் மேற்கே பழனிமலைத் தொடரும் கிழக்கே பாக் நீரிணைக் கரையும் அதனுள் அடக்கம். 1910ஆம் ஆண்டில் இராமநாதபுரம் தனி மாவட்டமாகும் வரை தொண்டியும் தேவிபட்டினமும் பாம்பனும் மதுரை ஆட்சியருக்கு உட்பட்ட ஊர்களே. 1985இல் திண்டுக்கல் மாவட்டம் பிரியும் வரை கோடைக்கானலும் மதுரையைச் சேர்ந்ததே. மலையுச்சியில் ஓர் ஏரியும் சமவெளியின் விளிம்பில் ஒரு கடலுமாக இரண்டு நீர்ப்பரப்புகள் இச்சீமைக்கு இருந்தன. ஒன்றில் கனவான்கள் பொழுதுபோக்காகப் படகு விட்டனர். மற்றொன்றில் பிழைப்புக்காகக் கடலேறியவர்கள் திருவிழா நாட்களில் அதே படகுகளைப் பந்தயத்தில் விட்டனர். முன்னதன் ஆண்டுக் கணக்கு அச்சேறியிருக்கிறது. பின்னது பெரும்பாலும் வாய்மொழியாகவே நிற்கிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாய்மரப் படகோட்டம் விளையாட்டான கதையைச் சற்றே சொல்லியாக வேண்டும். பொழுதுபோக்குப் படகுக்கு ஆங்கிலேயர் வழங்கும் ‘யாட்’ என்னும் சொல்லே டச்சுக்காரரிடம் இரவல் வாங்கியதாகும். 1660இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய இரண்டாம் சார்லசுக்கு டச்சுக்காரர் அத்தகைய படகொன்றைப் பரிசளித்தனர். மறு ஆண்டே மன்னனும் அவன் தம்பியும் தேம்சு ஆற்றில் நூறு பவுன் பந்தயம் கட்டி ஓட்டினர். 1720இல் அயர்லாந்தின் கார்க் நகரில் படகோட்டிகளின் கழகம் ஒன்று தோன்றிற்று. இந்தியாவில் பம்பாயில் 1846இல் அத்தகைய கழகம் அமைந்தது. சென்னைக்கு அது வந்து சேர மேலும் அறுபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

இத்தாமதத்திற்குக் காரணம் ஆர்வமின்மை அன்று. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட, கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளே அலைகளைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன. அலை ஓங்கி உடையும் கரையில் கட்டுமரக்காரன் பிழைப்பான். விளையாட்டுப் படகு பிழைக்காது. 1870களில் தொடங்கிய துறைமுகப் பணியை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. பின்னர் அது மீளக் கட்டப்பட்டு, துறைமுகக் கழகத் தலைவராயிருந்த சர் பிரான்சிசு சுபிரிங் காலத்தில் நுழைவாயில் வடகிழக்கே மாற்றப்பட்டு, உள்ளே அமைதியான நீர் கிடைத்தபின் 1911இல் அவரே பாய்மரப் படகுக் கழகத்தைத் தோற்றுவித்தார். பின்னாளில் இராயல் மெட்ராசு யாட் கிளப் என்று பெயர் பெற்றது அதுவே. விளையாட்டுக்கு முதலில் வேண்டுவது காற்றன்று, அடங்கிய நீர் என்பதற்கு இது சான்று.

அடங்கிய நீர் மதுரைச் சீமைக்குச் சென்னைக்கு முன்னரே வாய்த்துவிட்டது. 1821இல் வார்டு என்னும் அளவையாளர் பழனிமலையை அளந்தார். 1845இல் மதுரை அமெரிக்க மிசனைச் சேர்ந்தவர்கள் சமவெளியின் வெப்பத்திற்கும் நோய்க்கும் அஞ்சி மேலே வீடுகட்டிக் குடியேறினர். 1863இல் மதுரை ஆட்சியராயிருந்த சர் வியர் என்றி லெவிஞ்சு, மலைமேலிருந்த சதுப்பு நிலத்தின் ஓடையைக் கரை கட்டி மறித்து ஏரியாக்கினார். விண்மீன் வடிவில் கைகள் விரித்துக் கிடக்கும் அவ்வேரியின் பரப்பு ஏறத்தாழ அறுபது ஏக்கர். அதில் விடுவதற்கான முதற்படகைத் தூத்துக்குடியிலிருந்து அவர் வரவழைத்தார் என்பது கோடைக்கானல் வரலாற்றில் தவறாது சொல்லப்படும் செய்தியாகும்.

அச்செய்தியை நூல்கள் ஒரு வரியில் கூறிக் கடந்துவிடுகின்றன. நாம் சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் அக்காலத்தில் புகைவண்டி இல்லை. தென்னிந்தியப் புகைவண்டிப் பாதை இப்பகுதியை எட்டியது 1870களின் நடுவில்தான். கோடைக்கானலுக்கு மோட்டார் செல்லத்தக்க மலைப்பாதை 1910களில் நிறைவுற்றது. அதற்கு முன் மலையேறியவர்கள் பெரியகுளத்திற்கு அருகே அடிவாரத்திலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் சென்றனர். வசதியுள்ளோர் மட்டக்குதிரையிலும் டோலியிலும், மற்றையோர் கால்நடையிலும். எனவே கடற்கரையில் பிறந்த அப்படகு கரிசற்காட்டை மாட்டுவண்டியில் கடந்து, ஆறாயிரம் அடிக்கு மேல் மனிதத் தோள்களில் ஏறியே ஏரியைச் சேர்ந்திருக்க வேண்டும். படகு மனிதரைச் சுமப்பது உலக வழக்கு. மனிதர் படகைச் சுமந்தது இங்கே நிகழ்ந்தது. அதைத் தச்சு செய்தவர் யார், சுமந்தவர் எத்தனை பேர், அவர்களுக்குக் கூலி என்ன என்பனவற்றை எழுதி வைக்க எவருக்கும் தோன்றவில்லை. ஏரி வெட்டியவர் பெயர் மட்டும் நமக்கு எட்டியிருக்கிறது.

1890இல் அங்கே படகுக் குழாம் அமைந்தது. 1910இல் புதிய படகுத்துறை கட்டப்பட்டது. 1932 மே மாதம் முதல் உறுப்பினரல்லாத பொதுமக்களும் சுற்றுலாவினரும் படகேற வழி திறந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் என்று விரல்விட்டு எண்ணிக்கொள்க. கழகம் என்னும் அமைப்பின் இயல்பு அது. ஒழுங்கும் ஏடும் அதனிடம் உண்டு, கதவும் உண்டு.

கோடையேரியில் பாயைவிடத் துடுப்பே செல்வாக்குப் பெற்றதில் வியப்பில்லை. சுற்றிலும் மலைச்சரிவும் மரக்கூட்டமும் சூழ்ந்த சிறு நீர்ப்பரப்பில் காற்று ஒரு முகமாய் வீசுவதில்லை. ஒரு வளைவில் அறையும். அடுத்த வளைவில் செத்துக் கிடக்கும். பாய் விரித்தவன் அங்கே பொறுமை கற்பான், வேகம் காணான். இன்றும் அந்நீரில் ஓடுவன துடுப்புப் படகுகளும் மிதிபடகுகளுமே.

பாய்மரப் பந்தயம் என்பது காற்றுப் போகும் திசையில் பாயை விரித்து அமர்ந்திருப்பதன்று. அதை எவரும் செய்வர். காற்று எதிரே வரும்போது அதை நோக்கியே போக வேண்டும் என்பதுதான் வித்தை. எந்தப் படகும் காற்றின் முகத்துக்கு நேராகச் செல்ல இயலாது. ஆனால் சற்றுச் சாய்கோணத்தில் செல்ல முடியும். வளைந்து நிற்கும் பாய், பறவையின் சிறகைப் போல, காற்றின் விசையைப் பக்கவாட்டு இழுவையாக மாற்றுகிறது. அடியில் நீருள் இறங்கிய பலகை பக்கவாட்டில் நழுவுவதைத் தடுக்கிறது. எஞ்சுவது முன்செலவு. இவ்வாறு வலப்பக்கம் சிறிது, இடப்பக்கம் சிறிது எனக் கொடி படர்வதுபோல் வளைந்து வளைந்து காற்றின் ஊற்றை நோக்கி ஏறுவர். எப்போது திருப்புவது, எந்தப் பக்கம் காற்று மிகும் என்று கணிப்பதிலேயே வெற்றி தோல்வி அமைகிறது.

சிறு கழகப் படகில் இருவரோ மூவரோ இருப்பர். ஒருவர் கையில் சுக்கான். மற்றவர் கையில் பாயின் கயிறு. படகு சாயும்போது காற்று வரும் பக்கத்து விளிம்பில் உடலைப் புறத்தே நீட்டிச் சாய்த்து நிமிர்த்துவர். பந்தயத்தின் ஒழுங்கும் சுவையானது. தொடக்கத்திற்கு ஐந்து நிமிடம் முன்னர் முதற்கொடி ஏறும். நான்கு நிமிடம் இருக்கையில் இரண்டாம் கொடி. ஒரு நிமிடம் இருக்கையில் அது இறங்கும். நின்றுகொண்டிருக்கும் ஓட்டக்காரனைப் போலப் படகு கோட்டில் காத்து நிற்காது. நகர்ந்துகொண்டே இருந்து, குறித்த நொடியில் கோட்டைக் கடக்க வேண்டும். வலப்பக்கத்துக் காற்று வாங்கி வரும் படகுக்கு இடப்பக்கத்துக் காற்று வாங்கி வரும் படகு வழிவிட வேண்டும் என்பது உலகு முழுதும் உள்ள விதி. பிழை செய்த படகு தானே சுற்றிச் சுழன்று தண்டனையை ஏற்றுக்கொள்ளும். ஏற்காவிடில் கரையில் விசாரணை உண்டு. நடுவர் ஊதல் இல்லாமலே தன் பிழையைத் தானே ஒப்பும் இவ்வழக்கம் என்னை மிகவும் கவர்கிறது. நம் தேர்வுக்கூடங்களை நினைத்துக்கொள்வதைத் தவிர்க்க முடியவில்லை.

இனிக் கிழக்கே இறங்குவோம். பாக் நீரிணை ஆழமற்ற கடல். சேறும் மணலும் பரந்த தரை. இங்கே வழங்கிய வத்தை என்னும் படகு நீண்டு குறுகியது. குறுகிய படகு விரைந்தோடும். ஆனால் பாய் விரித்தால் கவிழும். இதற்கு இக்கரையோர் கண்ட தீர்வு ஒரு பலகை. படகின் குறுக்கே அதை வைத்துக் காற்று வரும் பக்கம் நீர்மேல் நீட்டுவர். காற்று வலுக்க வலுக்க ஆட்கள் அப்பலகையின் நுனியை நோக்கி ஏறி நிற்பர். படகு நிமிரும். திசை திருப்பும்போது பலகையை மறுபக்கம் தள்ளி அனைவரும் நொடியில் இடம் மாறுவர். சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறையில் பணியாற்றிய சேம்சு ஆர்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில் பாக் நீரிணையின் இந்தப் பலகைப் படகுகளைத் தனித்து எடுத்துப் பேசினார். இலங்கையின் பக்கமிதவைப் படகோட்டிகள் காற்றின் வலிமையையே ‘ஒருவர் காற்று’, ‘இருவர் காற்று’ என ஏறி நிற்கும் ஆட்களின் எண்ணிக்கையால் அளந்தனர் என்று பழைய பயணிகள் எழுதியுள்ளனர். கருவியில்லாத காலத்துக் கருவி அது!

இன்று ஒலிம்பிக் போட்டியில் ஓடும் ‘நாற்பத்தொன்பதர்’ என்னும் இருவர் படகைக் கண்டவர்கள், படகின் இருபுறமும் சிறகுபோல் நீளும் தட்டின் விளிம்பில் கால் ஊன்றிக் கம்பியில் தொங்கியபடி இருவரும் நீர்மேல் சாய்ந்திருக்கும் காட்சியை மறவார். அறிவியல் ஒன்றே, வத்தைக்காரருக்கு இடுப்புக் கம்பி மட்டும் இல்லை. அந்த வகைப் படகில் தமிழகத்தின் கே.சி. கணபதியும் வருண் தக்கரும் 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் பெற்றனர். 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஓட்டினர். அதே ஒலிம்பிக்கிற்குச் சென்னையின் நேத்ரா குமணன் தகுதி பெற்று, அவ்விளையாட்டில் ஒலிம்பிக் சென்ற முதல் இந்தியப் பெண்ணானார். 2024இல் பாரிசு ஒலிம்பிக்கிலும் அவர் தனியாளாய்ப் படகு செலுத்தினார்.

தொண்டியைச் சூழ்ந்த கடற்கரைச் சிற்றூர்களில் கோயில் விழாவையும் மாதா கோயில் விழாவையும் ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடத்தும் வழக்கம் இன்றளவும் உண்டு. (சங்கப் பாடல்கள் கொண்டாடும் தொண்டி பெரும்பாலும் மேலைக்கடற்கரைச் சேரர் தொண்டி, இது வேறு. மாணவர் இதில் மயங்குவர்.) படகுக்கு ஐந்தாறு பேர். சுக்கானில் ஒருவர், பாய்க்கயிற்றில் ஒருவர், எஞ்சியோர் பலகையில். கரையிலிருந்து புறப்பட்டு, கடலில் நட்ட அல்லது மிதக்கவிட்ட அடையாளத்தைச் சுற்றித் திரும்ப வேண்டும். அலுவல் நாட்களில் எந்திரப் படகில் செல்பவர்களே அன்று பாயை எடுக்கின்றனர். இங்கே உறுப்பினர் கட்டணம் இல்லை, ஊர்ப்பெயரே உறுப்பு. அச்சிட்ட விதிநூல் இல்லை; மீறியவனை ஊர் அறியும். கழகத்துக்காரர் ‘தொழில்முறையல்லாத ஆர்வலர்’ என்று தம்மைப் பெருமையுடன் அழைத்துக்கொள்வர். அவ்வரையறைப்படி வத்தைக்காரர் தொழிலாளி. எனவே ஆர்வலர் ஆகார். இவ்வரையறை நேர்மையற்றது என்பது என் கருத்து. கடல் பிழைப்பாக இருப்பவனுக்கு அது விளையாட்டாகவும் இருத்தல் கூடாதா? ஏர் உழுபவன் காளையை மஞ்சுவிரட்டில் விடுவதை நாம் விளையாட்டு என்றுதானே சொல்கிறோம்!

இந்தப் பிரிவினையைக் காற்றே கலைத்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் 1928 முதல் 1931 வரை முப்பத்திரண்டு அடிப் பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்த ஆர்வலர். அவர் பின்னர் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் இருமரப் பாய்க்கப்பலைக் கண்டு மயங்கி விலைக்கு வாங்கினார். தமிழ்க் கம்மியர் உள்ளூர்க் கணக்கில் கட்டிய கலம் அது. தம் மனைவியின் பெயரை அதற்கு இட்டு, வல்வெட்டித்துறை மாலுமிகளுடன் அனுப்பினார். சூயசு வழியாகச் சென்று அத்திலாந்திக்கைக் கடந்து, 1938 ஆகத்து மாதத்தில் மாசாசூசெட்சின் குளோசுட்டர் துறையில் அது சேர்ந்தது. உலகைச் சுற்றிய ஆர்வலர் தேர்ந்தெடுத்த கப்பலும் அதை ஓட்டிய கைகளும் தமிழருடையவை. நம் வரலாற்றுப் பாடநூல்களில் இதற்கு இரண்டு வரி ஒதுக்கினால் குறையொன்றும் வந்துவிடாது.

சங்க இலக்கியம் பயிற்றுவிக்கும் எனக்கு இவற்றில் இன்னொரு கவலையும் உண்டு. அது சொற்கவலை. மதுரையின் பெயர் தாங்கிய மதுரைக்காஞ்சியில் பாய்க்கு ‘இதை’ என்னும் சொல் வருகிறது. புறநானூற்றில் பாய்மரம் ‘கூம்பு’. கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றின் ஆற்றலை வசப்படுத்திக் கலம் செலுத்தினான் என்று பாடியவர் வெண்ணிக்குயத்தியார். குயவர் குடிப் பெண்பாற் புலவர் ஒருவர் காற்றறிவைப் பாடியுள்ளார் என்பதை வகுப்பில் நான் அழுத்திச் சொல்வதுண்டு. வையை கடலைச் சேரும் பகுதியிலுள்ள அழகன்குளத்து அகழாய்வில் பாய்மரக் கப்பல் கீறப்பட்ட பானையோடு ஒன்று கிடைத்துள்ளது. ஆக மதுரையின் ஆறு முடியுமிடத்தில் கப்பலைப் பார்த்து வரைந்த கை ஒன்று இருந்திருக்கிறது.

அந்தச் சொற்கள் ஏட்டில் நின்றுவிட்டன. அவற்றின் பின்வந்த சொற்கள் கடலில் வாழ்ந்தன. பாய் கட்டும் குறுக்குமரம் பருமல். அதை மேலேற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். சுக்கானும் மாலுமியும் அரபியர் தந்தவை. மேல்காற்று கச்சான், தென்காற்று சோழகம், கீழ்க்காற்று கொண்டல், வடகாற்று வாடை. இவற்றுள் கொண்டலும் வாடையும் புலவர் வாயிலும் பரதவர் வாயிலும் ஒருங்கே வழங்கியவை. தனித்தமிழ்ப் பற்றாளர் சிலர் அரபு, போர்த்துக்கீசியம் கலந்த கடற்சொற்களைத் தூய்மையற்றவை என ஒதுக்குவர். கடலில் தூய்மை பார்ப்பவன் கரையிலேயே இருக்க வேண்டியதுதான். பன்னாட்டுக் கப்பல்கள் வந்து போன கரை என்பதற்கு அச்சொற்களே சாசனம்.

தொண்டிப் பக்கத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்த மாணவி ஒருத்தியிடம், அகராதியில் மட்டும் நான் கண்டிருந்த தாமானைப் பற்றி ஒருமுறை வினவினேன். “அதைப் பிடிக்கத்தான் அம்மா போட்டியில் எங்கள் சித்தப்பாவைக் கூப்பிடுவார்கள்” என்றாள். எந்த நொடியில் இழுப்பது, எந்த நொடியில் விடுவது என்று சித்தப்பா சொல்லித் தந்ததை அவள் கையசைத்துக் காட்டினாள். அக்கையசைவுக்கு அகராதியில் இடம் இல்லை. அவளுடைய தம்பிகள் எந்திரம் பழகியவர்கள். ஆஞ்சான் என்றால் அவர்களுக்குத் தெரியாது என்றும் சொன்னாள்.

எந்திரம் வந்ததை நான் குறைகூறேன். காற்று செத்த நாளில் நடுக்கடலில் பசியோடு கிடந்தவனுக்கு எந்திரம் வரமே. சோ டி குரூசின் ‘கொற்கை’, 2013இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல், தூத்துக்குடித் தோணிகளின் பாய்க்காலத்தை எழுத்தில் நிறுத்தியிருக்கிறது. முத்துக்குளித்துறைக்கு அந்நற்பேறு வாய்த்தது. வத்தைக்கு இன்னும் அப்படியொரு நூல் வரவில்லை. பந்தயத்திற்காக மட்டும் ஆண்டுக்கொருமுறை பாய் எடுக்கப்படும் வரை அச்சொற்களுக்கும் ஆண்டில் ஒருநாள் உயிர் உண்டு. அந்நாளில் ஒலிப்பதிவுக் கருவியும் குறிப்பேடும் கொண்டு கரையில் நிற்பதற்கு மதுரையிலிருந்து பேருந்தில் மூன்று மணி நேரமே ஆகும். பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடும் நம் வட்டம், அடுத்த கூட்டங்களில் ஒன்றைத் தொண்டிக் கரையில் வைத்துக்கொண்டால் என்ன? சித்தப்பாவுக்குச் செய்தி அனுப்பும் பொறுப்பை அம்மாணவி ஏற்றிருக்கிறாள்.